மூன்றாம் இடத்துக்காக இருந்த விரதம்

எனக்குப் பிள்ளை இல்லை. அதற்குக் காரணம் நான் போட்டுக்கொண்ட ஊசி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய காலத்தில் நான் சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்த நாலு வருஷமும் அந்தப் பழியைச் சுமந்தவள் என் மனைவி. என் தாய்மாமன் மகள். மடுல்கெல்லையில் பிறந்து, எங்கள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வாழ வந்தவள்.

கண்டி டவுனில் ஒரு ஹாட்வெயர் கடையில் எனக்கு வேலை. சீமெந்து மூட்டை இறக்குவேன், கம்பி வெட்டுவேன். கடைக்கு நாலு கட்டடம் தள்ளி ஒரு மாடியில் ஜிம் இருந்தது. வேலை முடிந்ததும் அங்கே போவேன். ஏன் போனேன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. லயத்தில் பிறந்தவனை டவுனில் யாரும் நின்று பார்ப்பதில்லை. சட்டையைக் கழற்றியபோது பார்த்தார்கள்.

ஜிம்மை நடத்தியவரை நாங்கள் மாஸ்டர் என்போம். அந்தக் காலத்தில் போட்டிகளில் ஜெயித்த ஆள். சுவர் முழுக்க அவருடைய படங்கள். என் முதல் போட்டியில் எனக்கு எட்டாவது இடம் கிடைத்தது. அடுத்த நாள் அவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"சோத்தயும் முட்டையயும் தின்னுக்கிட்டு இருந்தேன்னா ஆயுசுக்கும் எட்டாவதுதான். முன்னுக்கு நிக்கிற ஏழு பேரும் சாமிகிட்ட வரம் வாங்கிட்டா வந்தானுங்க?"

ஜிம்மின் பின்பக்கம் உடைந்த சாமான்கள் போட்டுவைக்கும் ஒரு சின்ன அறை இருந்தது. அங்கேதான் ஊசி. காற்சட்டையைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு வரிசையில் நிற்போம். என்ன மருந்து என்று யாரும் கேட்பதில்லை. ஒரு குப்பியில் மாட்டின் படம் போட்டிருந்தது. "நம்மகிட்ட பால் கறக்கப் போறாங்கடா" என்று ஒருவன் சொன்னான். விழுந்து விழுந்து சிரித்தோம். ஆறு மாதத்தில் என் மார்க்காம்புக்கு அடியில் இரண்டு பக்கமும் கட்டி வந்தது. தொட்டால் உயிர் போகும். அப்போது யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் அதற்கு ஒரு மாத்திரை தந்தார். முதுகெல்லாம் கொப்புளம் வந்தது, அதற்கு ஒரு களிம்பு. விரை சுருங்கியது. அதை நான் அவரிடமும் சொல்லவில்லை.

உடம்பு மட்டும் வளர்ந்தது. கழுத்து பருத்தது, தோள் விரிந்தது. லயத்துப் பையன்கள் வந்து கையைத் தொட்டுப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். இப்படி ஒரு ஆம்பிளை கிடைக்க அவள் கொடுத்துவைத்தவள் என்று ஊரே சொன்னது.

முதல் வருஷம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் வருஷம் என் அம்மா ஆரம்பித்தாள். கொழுந்து பறிக்கப் போகிற இடத்தில் மலைக்கு மலை நின்று அவளை மலடி என்று பேசுவாள். சொந்தத் தம்பி மகள் என்று பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக் காம்பராவில் வளைகாப்பு நடந்தபோது என் மனைவிக்கு அழைப்பு இல்லை. எதிர்க் காம்பராவில் குழந்தை பிறந்தபோது கடைசியாகத்தான் அவளைப் பார்க்க விட்டார்கள், அதுவும் தூக்கக் கொடுக்கவில்லை. அவள் வேப்பிலை அரைத்துக் குடித்தாள். கோயில் மரத்தில் மஞ்சள் துணியில் தொட்டில் கட்டினாள். யாரோ சொன்னார்கள் என்று ஈரத்துணியோடு பிரகாரத்தில் உருண்டாள். கண்டியில் ஒரு டொக்டரம்மாவிடம் போய், இவளிடம் குறை எதுவும் தெரியவில்லை, புருஷனைக் கூட்டிக்கொண்டு வா என்று எழுதி வாங்கி வந்தாள். அந்தத் துண்டை நான் வாங்கிப் பார்த்துவிட்டு, எனக்கென்ன குறை, கண்ணில்லையா உனக்கு என்று கத்தினேன். சாப்பாட்டுப் பீங்கானைச் சுவரில் அடித்தேன். ஊசி போடுகிற காலத்தில் எனக்குக் கோபம் அப்படித்தான் வரும். ஊசியின் மேல் பழி போட்டுத் தப்பவும் நான் விரும்பவில்லை. பீங்கானை எறிந்தது என் கைதான்.

மூன்றாம் வருஷம் பெரிய போட்டி ஐப்பசியில் வந்தது. கந்தசஷ்டி ஆறு நாளும் எனக்குப் போட்டியோடு முடிகிற கடைசி ஆறு நாளும் ஒன்றாக விழுந்தன.

போட்டிக்கு முன் உடம்பை வற்றவைப்பார்கள். உப்பில்லை, சோறில்லை. கடைசி இரண்டு நாள் தண்ணீரும் இல்லை. தோலுக்கும் தசைக்கும் நடுவில் ஈரம் இருந்தால் மேடையில் நரம்பு தெரியாது. போதாததற்கு ஒரு மாத்திரை, உள்ளே இருப்பதும் மூத்திரமாகப் போய்விடும். அவித்த கோழியை நான் கடையில் வைத்துத் தின்பேன். வீட்டில் எதையும் தொடமாட்டேன்.

என் மனைவி பிள்ளை வரம் கேட்டுச் சஷ்டி விரதம் பிடித்திருந்தாள். ஒரு நேரம் பால், பழம். அவ்வளவுதான். நானும் சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்து அம்மா லயம் முழுக்கச் சொன்னாள்: "எம்மவனும் விரதம் புடிக்கிறான். தண்ணி கூட குடிக்க மாட்டேங்கிறான்."

நான் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

அந்த ஆறு நாள் போல அவள் என்னிடம் அன்பாக இருந்ததே இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது. நான் வேலை முடிந்து ஏறி வந்தால் என் காலைப் பிடித்து விடுவாள். ஒரு தடவை, இவ்வளவு நாள் உங்களுக்குப் பிள்ளை மேல் ஆசையே இல்லை என்று நினைத்துவிட்டேன் என்றாள். எனக்கு நாக்கு வறண்டு ஒட்டியிருந்தது. பேச முடியவில்லை என்று கையைக் காட்டினேன். அதையும் அவள் பக்தி என்று எடுத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் காலை டவுனில் போட்டி. மேடைக்குப் பின்னால் ஓர் அறையில் பதினைந்து பேர் தரையில் கிடந்தோம். உடம்பெல்லாம் கரும்பழுப்புச் சாயம் பூசி, காலைத் தூக்கிச் சுவரில் சாத்தியிருந்தோம். ஒருவனுக்குத் தொடை இழுத்துப் பிடித்துக்கொண்டது. கத்தினான். சத்தம் மண்டபத்துக்குக் கேட்கும் என்று அவனுடைய பயிற்சியாளரே வாயில் துவாயை வைத்து அழுத்தினார். அந்த நேரத்தில் வெளியே ஒலிபெருக்கியில் ஒருவர் எங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சிகரெட், சாராயம் எதுவும் தொடாமல் ஆரோக்கியத்தைத் தேர்ந்தெடுத்த இளைஞர்கள் என்றார். சனம் கைதட்டியது.

எனக்கு மூன்றாம் இடம். மெடலைக் கழுத்தில் போட்டதும் கீழே இறங்கி, பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் கோழிக் கொத்து ரொட்டி இரண்டு தட்டும் மூன்று சோடாவும் ஒரே மூச்சில் முடித்தேன். எல்லாரும் அப்படித்தான் செய்வோம்.

மாலை தோட்டத்துக் கோயிலில் சூரசம்ஹாரம். நான் போனபோது கூட்டம் விலகி வழி விட்டது. முகத்தில் சாயம் முழுதாகப் போகவில்லை, கன்னம் ஒட்டியிருந்தது, உதடு வெடித்திருந்தது. விரதத்தில் இப்படிக் கறுத்துப்போய்விட்டான் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூசாரி என்னை முன்னால் கூப்பிட்டு மாலை போட்டு, முதல் பிரசாதத்தை என் கையில் கொடுத்தார். வயிற்றுக்குள் கோழி. வாங்கித் தின்றேன். என் மனைவி எனக்குப் பின்னால் நின்றாள். நான் வாயில் வைத்த பிறகுதான் தன் ஆறு நாள் விரதத்தை முடித்தாள்.

அந்த நம்பிக்கையில்தான் அவள் கேட்டாள். விரதமே இருந்தீர்கள், ஒரு சோதனைக்கு வரமாட்டீர்களா என்று. மறுக்க வழியில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ஊசி ஏதும் போடுகிறாயா என்று டொக்டர் கேட்டார். மனைவி பக்கத்தில் இருந்தாள். இல்லை என்றேன். அவர் என் தோளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இன்னொரு நாள் தனியாக வா என்றார். தனியாகப் போனேன். விந்தில் ஒன்றுமே இல்லை, ஊசியை நிறுத்து, சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது என்று சொன்னார். வீட்டுக்கு வந்து, எல்லாம் சரியாக இருக்கிறதாம் என்று அவளிடம் சொன்னேன். இது பொய். இதை நான் வாயைத் திறந்தே சொன்னேன்.

மாஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவருக்கு அதிர்ச்சியே இல்லை.

"எல்லாருக்கும் வர்றதுதான். அதனாலதான் நான் ரெண்டு புள்ள பொறந்த பெறகு ஆரம்பிச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

பிறகு, அதைச் சரிப்படுத்த வேறு ஒரு ஊசி இருக்கிறது என்று குப்பியை எடுத்தார். நான் வெளியே வந்துவிட்டேன். அவரை அடித்தேன் என்று எழுத ஆசைதான். அடிக்கவில்லை. அன்றையிலிருந்து ஊசியை நிறுத்தினேன். எனக்குத் திரும்பி வரவில்லை.

ஒரு வருஷம் கழித்து அம்மா எனக்கு இரண்டாம் தாரம் பேசத் தொடங்கினாள். மடுல்கெல்லைக்கு ஆள் அனுப்பி மாமாவை வரவழைத்தாள். மாமா புதுச் சாரம் உடுத்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். லயத்துப் பெரியவர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கதிரை போட்டும் மாமா உட்காரவில்லை. அக்காவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, எம் பொண்ணு மேலதான் குத்தம், நான் கூட்டிக்கிட்டுப் போறேன், மன்னிச்சுக்கோ அக்கா என்றார். என் மனைவி அடுப்பங்கரை வாசலில் நின்றாள். அவளுடைய பெட்டி அவள் காலடியில் இருந்தது.

அப்போதுதான் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். "அவ மேல குத்தமில்ல, மாமா. குத்தம் எங்கிட்ட. ஊசி போட்டேன். டொக்டர் சொல்லிட்டாரு."

மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு பெரியவர்களில் ஒருவர் என் முதுகைத் தட்டினார். பொண்டாட்டி பேர் கெடக் கூடாது என்று தன் தலையில் போட்டுக்கொள்கிறான் பார், இவனல்லவோ ஆம்பிளை என்றார். இன்னொருவர் ஆமாம் போட்டார். சஷ்டியில் தண்ணீர்கூடக் குடிக்காதவன் என்று எடுத்துக் கொடுத்தார். அம்மா அழுதாள், என்னை நினைத்துப் பெருமைப்பட்டு. இந்த உடம்பைப் பார்த்துவிட்டு இதை எவன் நம்புவான் என்று சிரித்தார்கள்.

நம்பியவள் ஒருத்திதான். அவள் அடுப்பங்கரையில் இருந்து வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அந்த விரதம்?"

"போட்டிக்கு."

அவள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மாமாவுக்கு முன்னால் இறங்கிப் போனாள். அந்தக் கூட்டத்துக்கு அவள் போனது மலடி போனதுதான். நான் இன்னும் ஒருமுறை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ரிப்போர்ட்டைக் காட்டிச் சொல்லியிருக்கலாம். அது என்னுடைய பெட்டிக்குள்தான் இருந்தது. எடுக்கவில்லை. முதுகைத் தட்டியது சுகமாக இருந்தது.

கோர்ட்டில் விவாகரத்து முடிந்தது. இரண்டாம் தாரத்துக்கு நான் சம்மதிக்கவில்லை. அம்மா அதையும் பிரிவின் துக்கம் என்று லயத்தில் சொன்னாள். மடுல்கெல்லையில் மனைவியை இழந்த ஒருவருக்கு மாமா அவளைக் கட்டிக்கொடுத்தார். அடுத்த வருஷம் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது.

செய்தி கொழுந்து மலையில்தான் அம்மாவுக்கு எட்டியிருக்கிறது. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஈரத்தோடு வந்தாள். கூடையைக் கழற்றவில்லை. நான் வாசலில் சப்பாத்தின் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு நீ சொன்னது நெசந்தானா?"

"நெசந்தான்மா."

கூடைக் கயிற்றைத் தலையில் இருந்து இறக்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னுங் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாமேடா" என்றாள்.