ஓடும் பஸ்ஸில் எம்.காம்.

ஆன்லைன் வகுப்பிலிருந்து சில்வியாவை வெளியேற்றியபோது மைசூர் பஸ் நஞ்சன்கூட்டைத் தாண்டியிருந்தது. எல்லாரும் கேமராவைப் போடும்படி விரிவுரையாளர் அன்று திடீரென்று சொன்னார். போட்டாள். ஜன்னல் கம்பியும் நிற்கிற கூட்டமும் தெரிந்தன. "பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு வகுப்பா? இது அவமரியாதை" என்று கன்னடத்தில் சொன்னார். அடுத்த நொடி திரை காலியாகிவிட்டது.

சில்வியா மார்டள்ளி என்ற தமிழர் கிராமத்துப் பெண். நஞ்சன்கூட்டில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் வேலை, மைசூரில் விடுதி வாசம். வேலையை விடாமல் படிக்கத்தான் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஆன்லைன் எம்.காம். சேர்ந்தாள். மாலை வகுப்பு தொடங்கும்போது அவள் எப்போதும் பஸ்ஸில்தான் இருப்பாள். சிக்னல் போய்த் தவறிய பகுதியை விடுதிக்கு வந்ததும் பதிவில் கேட்டுக்கொள்வாள்.

மறுநாள் பல்கலைக்கழகத்தின் மைசூர் கற்றல் மையத்திலிருந்து தகவல் வந்தது. பஸ்ஸில் கேட்ட வகுப்புகள் வருகையில் சேராது. மன்னிப்புக் கேட்காவிட்டால் தேர்வு எழுத முடியாது.

ஊரிலிருந்த அப்பா சூசைநாதனிடம் போனில் சொன்னாள்.

"பேசாம மன்னிப்பக் கேட்டுரு கண்ணு. போனுல படிக்கிற படிப்புக்கு எதுக்கு இத்தன சண்ட?"

"நான் என்ன தப்புப் பண்ணுனேன்? எதுக்குங்கப்பா கேக்கோணும்?"

அவளைப் போலவே வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் இருவரை மையத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். லிங்கம்மா வரவில்லை. பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் ரவிக்குமார் வந்தான், ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை. ஒருங்கிணைப்பாளர் ஹேமந்தின் முதுகுக்குப் பின்னால் பெரிய விளம்பரப் படம். அதில் ஒரு பெண் பஸ்ஸில் சிரித்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே, 'எங்கிருந்தும் படிக்கலாம்.'

"வகுப்பென்றால் ஒரு ஒழுங்கு வேண்டாமா அம்மா?" என்றார் ஹேமந்த்.

"அந்தப் படத்தில் இருக்கிறவளும் மன்னிப்புக் கேட்டாளா சார்?"

ஹேமந்த் திரும்பிப் பார்த்தார். முகம் சிவந்தது. "அது வெறும் விளம்பரம்."

"அதைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். அதைக் கழற்றுங்கள். இல்லையென்றால் என் வருகையைக் கொடுங்கள். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன்."

"அப்படியானால் தேர்வை மறந்துவிட வேண்டியதுதான்."

"மறக்க மாட்டேன். பல்கலைக்கழகத்துக்கே போய்க் கேட்பேன்." நாற்காலியை விட்டு எழவில்லை.

அப்போதுதான் ரவிக்குமார் உள்ளே வந்தான். "நானும் பங்கிலிருந்துதான் கேட்கிறேன் சார். என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்."

ஹேமந்த் யாருக்கோ போன் செய்தார். எழுந்து வெளியே போய்ப் பேசினார். திரும்பி வந்தவர், இந்த ஒரு முறை வருகை தரப்படும் என்றார். மன்னிப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

விதி மாறவில்லை. அந்த விரிவுரையாளர் அதன்பின் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. அவருடைய பாடத்தில் தோற்றாள். அடுத்த முறை திரும்ப எழுதித் தேறினாள்.

பட்டம் கிடைத்த பிறகு ஊர்த் திருவிழாவில் யாரோ கேட்டபோது, "மைசூர் காலேஜுல எம்.காம். முடிச்சிருக்கா" என்றார் சூசைநாதன்.

பக்கத்தில் நின்ற சில்வியா விடவில்லை. "ஆன்லைன்ல முடிச்சேன்னு சேத்துச் சொல்லுங்கப்பா. மறைக்கிறதுக்கு அதுல ஒண்ணுமில்லீங்க."