பேட்டரிக் கரியும் என் தந்தை வெட்டிய கிணறும்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக் கிணறு என் தந்தை வெட்டியது. கடலுக்கு அத்தனை அருகில் உப்புக் கரிக்காத நீர் கிடைத்ததைத் தெருவே வியந்து பேசியது. பாதித் தெருவினர் குடிநீருக்கு எங்கள் வாசலுக்குத்தான் வந்தார்கள். ஒருவரையும் நாங்கள் திருப்பி அனுப்பியதில்லை. எங்கள் குடும்பத்தின் பெயர் அந்தக் கிணற்றை வைத்தே நின்றது. அதைக் கெடுத்தவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

எங்கள் பின்சுவரை ஒட்டிக் காயலான் கடை வைத்திருந்தவன் அவன். டார்ச் விளக்கும் டிரான்சிஸ்டரும் வீடுதோறும் நுழைந்துவிட்ட காலம். தீர்ந்துபோன பேட்டரிக் கட்டைகளை மூட்டை மூட்டையாக வாங்கிச் சுத்தியலால் உடைத்து, துத்தநாக உறையை உரித்து உருக்கி விற்பான். உள்ளிருக்கும் கருப்புப் பொடியை வாங்க ஆளில்லை. கோவை இலைச் சாற்றில் குழைத்துக் கரும்பலகைக்குப் பூசுவதற்காகப் பள்ளிக்கூடத்தார் சிறிது கேட்டு வாங்கிப்போவார்கள். மிச்சத்தையெல்லாம் எங்கள் சுவரோரம் குவித்தான். மழைக்கு மழை அது மண்ணில் இறங்கியது.

முதலில் செம்புத் தவலையில் பச்சை பூத்தது. பிறகு கறிவேப்பிலைச் செடி பட்டுப்போயிற்று. கடைசியில் நீரே நாக்கில் சுருக்கென்று கடித்தது. கல்லூரியில் இரசாயனம் பயின்ற எனக்கு, அந்தக் கரியில் நவச்சாரமும் துத்தநாக உப்பும் ஊறிக் கிடப்பது தெரியும். நேரில் சென்று, வேறிடத்தில் கொட்டுமாறு முறையாகவே கேட்டுக்கொண்டேன். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்:

"இன்னா சார், உன் வூட்டு கக்கூஸ் தண்ணி கெணத்துல எறங்கிகினு கீது. அத்த மறைக்க என் கரி மேல பழி போட்றியே, படிச்ச மன்சன்."

நால்வரும் சிரித்தார்கள். அந்தப் பேச்சு தெரு முழுக்கப் பரவியது. எங்கள் வாசலுக்குக் குடங்கள் வருவது நின்றுபோயிற்று. என் மனைவி தெருக்குழாய் வரிசையில் நிற்க நேர்ந்தது. வீட்டிலேயே கிணறு இருக்க இங்கே என்ன வேலை என்று பின்னால் நின்றவள் கேட்டாளாம். அதை என் முகம் பாராமல் மனைவி சொல்லி முடித்தபோதே, இதற்கு ஒரு பதில் செய்யாமல் விடுவதில்லை என்று தீர்மானித்தேன்.

அடுத்த ஆண்டு எங்களுக்கு எதிர்மனையில் அவன் மாடி வீடு எழுப்பினான். பெரிய மனிதர் வீடுகளைப்போல் வழவழவென்று கருப்புத் தரை வேண்டுமாம். கடையில் கரி குவிந்து கிடக்கையில் சாயம் எதற்கு என்று அதையே சிமெண்டில் குழைக்கச் சொன்னான். கொத்தனார் தயங்கினார். படித்தவன் சொன்னால் அவர் கேட்பார் என்று, அலுவலகம் விட்டு வந்துகொண்டிருந்த என்னை அவன் மறித்தான்.

"சொல்லு சார், பள்ளிக்கூட போர்டுக்கு ஆவுது, தரைக்கு ஆவாதா?"

"கருப்பாகத்தான் இருக்கும்" என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்த உப்புகள் கடற்காற்றின் ஈரத்தை இழுக்கும், தரை வியர்க்கும், கரி கையோடு வரும் என்பதையும் நான் அறிவேன். ஆனால் அதை அவன் கேட்கவில்லை.

ஐப்பசி ஈரத்தில் புதுமனை புகுவிழா வைத்தான். எனக்கும் பத்திரிகை வந்தது. சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனேன்; உட்காரவில்லை. உறவினரும் வண்ணாரப்பேட்டை வியாபாரிகளும் முதல் பந்தியில் தரையில் அமர்ந்து உண்டார்கள். எழுந்தபோது அத்தனை வெள்ளை வேட்டியிலும் பின்புறம் கன்னங்கரேலென்று அப்பியிருந்தது. கைவைத்துப் பார்த்தவர்களின் கையும் கருத்தது.

அவன் வீட்டுத் தொட்டியில் நீர் போதாமல் எல்லாரும் எங்கள் கிணற்றுக்கு வந்தார்கள். நானே இறைத்து ஊற்றினேன். அவனுடைய தாய்மாமன் வாய் கொப்பளித்துவிட்டு முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

"குடிக்காதீர்கள் ஐயா. உங்கள் வேட்டியில் அப்பியிருக்கும் கரிதான் இதிலும் ஊறியிருக்கிறது. சுவருக்கு அந்தப்பக்கம் குவியல் கிடக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள்" என்றேன்.

சிலர் போய்ப் பார்த்து வந்தார்கள். அதற்குள் அவனும் வந்துவிட்டான். ஒரு டம்ளரில் நீர் எடுத்து, அத்தனை பேர் முன்னிலையில் அவனிடம் நீட்டினேன். அவன் கை நீளவில்லை.

"வோணாம் சார்" என்றான் தாழ்ந்த குரலில். "அது கரித் தண்ணி."

"அப்போ கக்கூஸ்னு இன்னாத்துக்குடா கதை வுட்ட?" என்றார் மாமன். நான் கேட்க விரும்பியதை அவன் வாயாலேயே சொல்லிவிட்டான்.

தெருவில் எங்கள் பெயர் திரும்பியது. நீர் திரும்பவில்லை. குவியலை அவன் வண்டியேற்றி எண்ணூர்க் கழிமுகத்தில் கொட்டியதாகச் சொன்னார்கள். அங்கே இறால் பிடிப்பவர்களிடம் யார் என்ன கதை சொன்னார்களோ. கிணற்றைப் பலகையிட்டு மூடினேன். அவன் தரையைப் பெயர்க்கும் கடப்பாரைச் சத்தம் கேட்ட நாளெல்லாம் எங்கள் வீட்டு ஜன்னல்களைத் திறந்தே வைத்திருந்தேன்.