உட்காராத தோழி

ஜுமைலாவுக்குக் கோழிக்கோட்டில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை. ஆனால் எங்கள் குடியிருப்பில் அவள் 'கேமுக்கு அர்த்தம் சொல்றவ'. துப்பாக்கியும் சண்டையும் உள்ளவை அல்ல. யாரோ ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்த, மெதுவாக நடந்து, பேசி, யோசிக்க வைக்கிற வீடியோ கேம்கள். சாயங்காலம் மீனுக்கு மசாலா தடவி வைத்துவிட்டு விளையாடுவாள். விடுமுறையில் யூடியூபில் மலையாளத்தில் விளக்குவாள். கேமில் கதவு திறக்காவிட்டால் அதற்கொரு காரணம், மழை நிற்காவிட்டால் அதற்கொரு துக்கம்.

"மோட்டர் ஓடல. அதுக்கு உள்ளர்த்தம் என்னன்னு சொல்லேன்" என்பார் கணவர் ஹாரிஸ்.

"நீங்க சுவிட்சப் போடலைன்னு அர்த்தம், இக்கா."

அவளுடைய கல்லூரித் தோழி லிஜிஷா வேலையை விட்டுவிட்டு ஒரு கேம் செய்தாள். சேர்ந்து படம் வரைந்த இரண்டு பெண்கள் பிரிந்து, கடற்கரையில் ஒருத்தியை ஒருத்தி தேடுகிற கதை. சோதனைப் பிரதி ஜுமைலாவுக்குத்தான் முதலில் வந்தது. முடிவில் ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மற்றவள் பக்கத்தில் வந்து, உட்காராமல் பெஞ்சையே சுற்றிக்கொண்டிருந்தாள். ஜுமைலா எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தாள்.

லிஜிஷாவிடம் கேட்கலாம் என்று போனை எடுத்தாள், கீழே வைத்துவிட்டாள். கேட்டால் ஒரு பதில் வந்துவிடும். அதற்குள் அவள் மனதில் அழகான விளக்கமொன்று உட்கார்ந்துவிட்டிருந்தது.

"சேர்ந்து படைக்கிறவங்க பக்கத்துல பக்கத்துல உட்காரவே முடியாது" என்று வீடியோவில் சொன்னாள். பார்த்தவர்கள் அழுதார்கள். கொச்சியில் ஒரு நிறுவனம் கேமை வெளியிட முன்வந்தது.

லிஜிஷா நேராக வீட்டுக்கு வந்தாள்.

"அது கோளாறுடீ. உன் வீடியோவப் பார்த்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. சரி பண்ணி உட்கார வச்சுட்டேன். இப்பக் கொச்சிக்காரங்க அவள எழுப்பி நிக்க வைக்கச் சொல்றாங்க."

ஜுமைலாவுக்கு முகம் செத்துவிட்டது. "நான் சொன்னது தப்புன்னு இன்னொரு வீடியோ போட்டுடறேன்."

"போடு. ஒருத்தியப் பெஞ்சுல உட்கார வைக்கத் தெரியாதவன்னு ஊரே சிரிக்கட்டும்."

"அப்ப கொச்சிக்காரங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிடு."

"வேற யாரு வாசல்ல வரிசையா நிக்கறாங்க?"

ஹாரிஸ் பால் விடாத சுலைமானி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு கிண்டலும் செய்யாமல் உள்ளே போனார்.

கேம் வெளிவந்தது, தோழி நின்றபடியே. ஒரு பேட்டியில் லிஜிஷாவிடம் முடிவைப் பற்றிக் கேட்டார்கள். அவள் ஜுமைலாவின் வாக்கியத்தையே, அதே இடத்தில் குரலை இறக்கி, தன்னுடையதாகச் சொன்னாள். ஜுமைலா பேட்டியைப் பாதியில் நிறுத்தினாள். அதன்பிறகு அவள் புதிதாக எதையும் விளக்கவில்லை. கேட்டவர்களிடம், வங்கியில் வேலை அதிகம் என்றாள்.

பெருநாள் கழிந்து, நேந்திரம்பழத்தில் செய்த உன்னக்காயோடு ஜுமைலா லிஜிஷாவின் வீட்டுக்குப் போனாள்.

"உட்கார்ற பிரதி இருக்காடீ?"

லிஜிஷா லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் தள்ளினாள். இந்த முறை தோழி வந்தாள், உட்கார்ந்தாள். இருவரும் பேசினார்கள்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"பஸ் கிடைக்கல."

"பொய். தூங்கிட்டே."

கல்லூரிக்குத் தாமதமாக வரும்போதெல்லாம் ஜுமைலா சொன்ன பொய் அது. அப்புறம் அலைச் சத்தம் மட்டும். இனி யாரும் இந்தப் பேச்சைக் கேட்கப்போவதில்லை.

"இதச் செய்யும்போது நீ என்னடீ நினைச்சே?" என்றாள் ஜுமைலா.

லிஜிஷா உன்னக்காயைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"இப்பக் கேக்கறே" என்றாள்.