கம்பி இல்லாத எஞ்சின்

சமாதான காலம் முடிந்துவிட்டது என்று எவரும் அறிவிக்கவில்லை. திருகோணமலை வீதிகளில் கிளைமோர்க் கண்ணிவெடிகள் மறுபடி வெடிக்கத் தொடங்கியபோது எங்களுக்கே விளங்கியது. அப்போது நான், துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைத் திருத்த வந்திருந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய கம்பனி கொழும்பிலிருந்து அனுப்பிய புதிய ஜெர்மன் கார். அப்படியொன்று எங்கள் ஊரில் வேறு எவரிடமும் இருந்ததாக நான் அறியவில்லை.

எஞ்சினுக்கு மேலுள்ள பொனற்றைத் திறந்தால் ஒயில் ஊற்றும் மூடி இருக்கும். ஒயில் அளவு பார்க்கும் கம்பி இருக்காது. வான், லொறி என்று எதை ஓட்டினாலும் காலையில் அந்தக் கம்பியை இழுத்து, சீலையில் துடைத்து, மறுபடி விட்டு இழுத்துப் பார்த்துப் பழகியவன் நான். இந்தக் காரில் எஞ்சினின் அடியில், ஒயில் தங்கும் தொட்டியில், ஒரு சென்சர் பூட்டியிருந்தார்கள். அது அளந்து, வயர் வழியாக முன்னாலுள்ள திரைக்குச் சொல்லும். எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், கார் மட்டமான தரையில் நிற்க வேண்டும். அப்போதுதான் அளவு வரும். முதல் சில நாள் எனக்கு அதில் நம்பிக்கையே வரவில்லை. விரலில் ஒட்டாத ஒயிலை எப்படி நம்புவது?

ஒரு பின்னேரம் எஞ்சினியரை இறக்கிவிட்டு உள்துறைமுக வீதியால் வந்துகொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் வீதியோர இராணுவக் காவலரண் மேல் கைக்குண்டு எறிந்துவிட்டுப் போனார்கள். கார் ஒருமுறை எழும்பி விழுந்தது. காவலரணிலிருந்து வீதியின் இரண்டு பக்கமும் சுட்டார்கள். நான் இருக்கைகளுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டேன். சூடு ஓய்ந்து நிமிர்ந்தபோது, எனக்கு முன்னால் சைக்கிளில் போன மனிதர் என் காரின் முன் சில்லோடு ஒட்டிக் கிடந்தார். அவருடைய கழுத்தில் பாதி இல்லை. சேர்ட்டின் நுனி சில்லுக்குக் கீழே அகப்பட்டிருந்தது. அவரைத் தூக்குவதற்காக நான் காரை மெல்லப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. அப்போது அவருடைய தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. அதற்குப் பிறகு எத்தனையோ உடல்களைப் பார்த்திருக்கிறேன். என் கையால் அசைந்த உடல் அது ஒன்றுதான்.

அன்றைய அமளியில் நான் திரையைக் கவனிக்கவில்லை. மறுநாள் காலை காரை எடுத்தபோது, 'டிங்' என்று ஒரு மணி அடித்து, ஒயில் அளவை அளக்க முடியவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. கீழே படுத்துப் பார்த்தேன். எஞ்சினை மூடியிருந்த பிளாஸ்டிக் தகடு உடைந்திருந்தது. குண்டுச் சிதறல் ஒன்று அதைத் துளைத்து, சென்சரின் வயரைக் கத்தரித்திருந்தது. ஒயில் சொட்டியதற்கான அடையாளம் இல்லை. ஆனாலும், இருக்கிற ஒயில் எவ்வளவு என்று தெரியாமல் எஞ்சினை இயக்க வேண்டாம் என்று எஞ்சினியர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். காரை விற்ற கொழும்பு ஏஜென்ட், லொறியில் ஏற்றி அனுப்பச் சொன்னான். அந்த நாட்களில் எந்த லொறிக்காரனும் அந்தப் பாதையால் வரச் சம்மதிக்கவில்லை.

என் தங்கையின் புருஷன், என் மச்சான், பாலையூற்றில் வீட்டோடு சேர்த்து ஒரு கராஜ் வைத்திருந்தார். காரை அங்கே இழுத்துக்கொண்டு போனேன். அவர் பொனற்றுக்குள் தலையை விட்டு நெடுநேரம் தேடினார்.

"எங்க மச்சான் கம்பி?" என்று கேட்டார்.

"இதில கம்பி இல்லை. அடியில சென்சர்தான் பாக்கிறது."

"அது செத்துப்போனா?"

"இப்ப செத்துத்தான் கிடக்கு."

அவர் சிரித்தார். பிறகு கீழே படுத்து உடைந்த தகட்டைக் கழற்றிச் சுவரோடு சாத்திவைத்தார். வயரின் இரண்டு முனைகளையும் சுரண்டி முறுக்கி, ஈயம் பற்றவைத்து, கறுப்பு ஒட்டுநாடா ரேப்பால் இறுக்கிச் சுற்றினார். வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் அது சரியா பிழையா என்று அறிய எஞ்சின் சூடாகும்வரை காரை வீதியில் ஓட்ட வேண்டும். ஒயில் சொட்டாததால் அவ்வளவு தூரம் ஓட்டத் துணிந்தோம்.

"நானும் வாறன். கண்ணால பாத்தாத்தான் எனக்கு நித்திரை வரும்" என்றார்.

தங்கை குசினி வாசலில் நின்றாள். "அண்ணா, இண்டைக்கு வேண்டாம். சனம் ஒண்டும் றோட்டில இல்லை, பாருங்கோ" என்றாள். மச்சான்தான் பதில் சொன்னார்: "கிட்டத்தான் போறம். சோத்துக்கு முன்னம் வந்திடுவம்."

கண்டி வீதியில் ஏறி, காவலரணில் அடையாள அட்டைகளைக் காட்டினோம். கண்ணாடியில் ஒட்டியிருந்த துறைமுகப் பாஸைப் பார்த்துவிட்டு ஒருவன் கையசைத்து அனுப்பினான். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்ததும், பூட்டிக் கிடந்த ஓர் அரிசி ஆலையின் சீமெந்துத் தரையில் காரை நிறுத்தினேன். திரையில் சிறிய எண்ணெய்க் குடுவையின் படம் வந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு மேலே ஏறி, உச்சிக்குச் சற்றுக் கீழே நின்றது.

"நிறைய இருக்கு" என்றேன். மச்சான் குனிந்து அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். தன் கை பற்றவைத்த வயர் கண்ணாடிக்குள் பேசியதில் அவருக்குப் பெரிய சந்தோஷம். அந்த முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அப்போதுதான் நாங்கள் வந்த பக்கமாகக் கிளைமோர் வெடிக்கும் சத்தம் கேட்டது. ஆலையின் தகரக் கூரை அதிர்ந்தது. பிறகு தொடர்ந்து துவக்குச் சத்தம். திரும்பிப் போக வேறு பாதை இல்லை. அங்கேயே நின்றால் தேடி வருகிற இராணுவத்தினர் எங்களைத்தான் முதலில் காண்பார்கள். சத்தம் அடங்கும்வரை இருந்துவிட்டு, ஒளிந்து வருகிறோம் என்று நினைக்காதிருக்க லைட்டைப் போட்டுக்கொண்டு மெதுவாகத் திரும்பினேன்.

காவலரணுக்குச் சற்று முன்னால் ஒரு ட்ராக்ரர் கவிழ்ந்து எரிந்துகொண்டிருந்தது. அதில் வந்தவர்கள் அந்தக் காவலரணுக்குச் சாப்பாடு கொண்டுவந்த இராணுவத்தினர். வீதி முழுக்கச் சோறும் பருப்பும் இரத்தமும். சப்பாத்தோடு ஒரு கால் தனியாகக் கிடந்தது. சற்று முன்னர் எங்களுக்குக் கையசைத்தவன், இறந்த ஒருவனை மடியில் வைத்துக்கொண்டு வீதியில் இருந்தான். எங்கள் காரைக் கண்டதும் எல்லாத் துவக்குகளும் திரும்பின.

எங்களை இழுத்து வெளியே போட்டார்கள். முழங்காலில் நிற்கச் சொன்னார்கள். ஒருவன், சிறு சில்லுகள் பூட்டிய முகம்பார்க்கும் கண்ணாடியைக் காருக்குக் கீழே தள்ளிப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டு பின்னால் ஓடினான். தகடு கழற்றியிருந்ததால் எஞ்சினின் அடி முழுதும் தெரிந்தது. அழுக்குப் படிந்த இரும்புக்கு நடுவே புத்தம் புதிய கறுப்பு ரேப் சுற்றிய வயர்.

"மேக்க மொகக்த?" என்று கேட்டான் பொறுப்பாக நின்றவன். இது என்ன என்கிறான். எனக்கு அரைகுறைச் சிங்களம் தெரியும். ஒயில் பார்க்கிற சென்சர் என்று சொன்னேன். அவன் பொனற்றைத் திறக்கச் சொல்லி, தானே எட்டிப் பார்த்தான். அவனுக்கும் வாகனம் தெரிந்திருக்க வேண்டும். கம்பி இருக்க வேண்டிய இடத்தைத் தேடினான். காணவில்லை.

"கம்பியைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் என்ன வைத்தீர்கள்?"

இந்தக் காருக்குக் கம்பியே கிடையாது என்றேன். அவனுடைய துவக்குப் பிடி என் வாயில் விழுந்தது. இரண்டு பற்கள் நாக்கில் கிடந்தன. வயரை யார் சுற்றியது என்று அடுத்த கேள்வி. நான் வாய் திறப்பதற்குள் மச்சான் தமிழிலேயே, "நான்தான் சுத்தினனான்" என்றார். அவருடைய வலது கையைத் தார் வீதியில் விரித்து வைத்து, ஒருவன் துவக்கின் அடியால் குத்தினான். ஒரு தடவையோடு நிற்கவில்லை. மச்சான் கத்தவில்லை, மூச்சுத்தான் விட்டார். எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது.

பிறகு பொறுப்பானவன் தன் ஆட்கள் எல்லோரையும் மணல்மூட்டைகளுக்குப் பின்னால் போகச் சொன்னான். என்னை ஓட்டும் இருக்கையில் ஏற்றி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொன்னான். மச்சானிடம் வயர் வெட்டும் குறடு ஒன்றை எறிந்து, கீழே போய் அந்த வயரை வெட்டு என்றான். குண்டாக இருந்தால் நாங்கள் இருவரும் அதோடு போக வேண்டும்.

குண்டு இல்லையென்று எங்கள் இருவருக்கும் தெரியும். மூட்டைகளுக்குப் பின்னால் நின்றவர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய பயத்துக்குத்தான் நான் பயந்தேன். ஏனென்றால் வயர் அறுந்ததும் இந்தக் கார் சும்மா இருக்காது. திரையில் எழுத்து வரும். அதோடு 'டிங்' என்று ஒரு மணியும் அடிக்கும். அந்தச் சத்தத்துக்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

உடைந்த வாயால், "ஒரு சத்தம் வரும், அது கார்தான், சுட வேண்டாம்" என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னேன். என் வாயிலிருந்து இரத்தம்தான் வந்தது. சொல் எவ்வளவு தூரம் போனதோ தெரியாது.

மச்சான் இடது கையால் ஊர்ந்து கீழே போனார். அவருடைய கால்கள் மட்டும் கதவுக்கு வெளியே தெரிந்தன.

"வெட்டட்டோ?" என்று கேட்டார்.

"மணி அடிக்கும் மச்சான். அடிச்சாலும் அசையாத."

"ஓம்."

குறட்டின் சத்தம் கேட்டது. ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடுவைப் படம் மஞ்சளாக எழும்பி, மணி அடித்தது.

ஒரேயொரு வெடி. இடப்பக்கக் கதவைத் துளைத்து வந்த துவக்குச் சன்னம் என் இடது தொடைக்குள் புகுந்தது. முதலில் சூடு பட்டது போலவே இல்லை. யாரோ உலக்கையால் அடித்தது போல இருந்தது. பிறகு இருக்கை நனையத் தொடங்கியது. பொறுப்பானவன் மூட்டைக்கு மேலால் பாய்ந்து, சுட்டவனின் துவக்கைத் தட்டிவிட்டான். அவனுடைய கன்னத்திலும் அறைந்தான். சுட்டவன் அந்தக் கையசைத்தவன்தான். அவன் முழங்காலில் விழுந்து வாந்தி எடுத்தான்.

பொறுப்பானவன் காருக்குள் தலையை விட்டுத் திரையைப் பார்த்தான். ஆங்கிலத்தில் இருந்ததை வாய்விட்டு வாசித்தான். ஒயில் அளவை அளக்க முடியவில்லை, சேவை நிலையத்துக்குப் போகவும். என்னைப் பார்த்தான். தன் இடுப்புப் பட்டியைக் கழற்றி என் தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டினான். அதே கையால்தான் என் வாயில் அடித்திருந்தான்.

ட்ராக்ரரில் இறந்தவர்களை ஏற்றிய வண்டியிலேயே எங்களையும் ஏற்றினார்கள். வேறு வாகனம் இல்லை. மச்சான் தன் சப்பையான கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் என் தலையைப் பிடித்திருந்தார். வண்டி குழியில் விழும்போதெல்லாம் பக்கத்தில் கிடந்த உடல் என்மேல் சரிந்தது. அவர் அதைக் காலால் தள்ளி நிறுத்தினார்.

ஆஸ்பத்திரிக்குத் தங்கை வந்தாள். முதலில் புருஷனின் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். பிறகு என் கட்டிலுக்கு வந்து, கொண்டுவந்த கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். பற்கள் போன இடத்தில் பட்டு வலித்தது. அவள் நிறுத்தவில்லை.

"காருக்கு ஒயில் இருந்ததோ அண்ணா?" என்று கேட்டாள்.

"இருந்தது."

கோப்பையை வைத்துவிட்டுப் போனவள், அதன் பிறகு நெடுங்காலம் என்னோடு கதைக்கவில்லை. அவளைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

எஞ்சினியர் ஒரு முறை வந்து கட்டிலருகே நின்றார். அந்த வாரமே அவருடைய கம்பனி அவரைக் கப்பலில் திருப்பி அழைத்துக்கொண்டது. காரை யார் எடுத்துப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. சன்னம் எலும்பில் படாமல் போனதால் நான் நடக்கிறேன்; மழைக்கு முன்னால் கால் கனக்கும். மச்சானின் மூன்று விரல்கள் மடங்கவே இல்லை. கராஜை மூடிவிட்டுக் கிண்ணியாவில் ஒரு படகு எஞ்சின் கடையில் கொஞ்சக் காலம் வேலைக்கு நின்றார். ஷெல் குண்டுகள் அந்தப் பக்கமும் விழத் தொடங்கிய பிறகு, தங்கையையும் கூட்டிக்கொண்டு புல்மோட்டைப் பக்கம் போனார். வழியில் ஒரு காவலரணில் அவரை இறக்கி, கை ஏன் இப்படி இருக்கிறது, குண்டு செய்யும்போது போனதா என்று கேட்டு மறுபடி அடித்திருக்கிறார்கள். தங்கை அவர்மேல் விழுந்து மறித்ததில் அவளுடைய தோள்மூட்டும் விலகி இறங்கிவிட்டது.

அந்தச் செய்தி வந்த அன்றைக்குத்தான் நான் பொல்லை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறினேன். அவர்கள் தங்கியிருந்த கொட்டிலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தங்கை ஒற்றைக் கையால் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். "இருங்கோ அண்ணா, தேத்தண்ணி போடுறன்" என்றாள். மச்சான் எழும்பி, தான் இருந்த கதிரையை இடது கையால் என் பக்கம் தள்ளிவிட்டார்.