மூன்று முறை டைல்ஸ் ஒட்டிய பால்கனி

திருச்சியில் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து வேப்பூரில் இறங்கினேன். அங்கிருந்து விருத்தாசலம் இருபது கிலோமீட்டர் சொச்சம். அடுத்த பஸ் வரும்வரை நெடுஞ்சாலைக் கடையில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ. லாரிகள் கிளப்பிய புழுதி இலவசம். விருத்தாசலம் பெரிய கோயில் கோபுரத்தைப் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். கும்பிட நேரமில்லை, பரீட்சை எழுதப் போய்க்கொண்டிருந்தேன்.

வீடு பரிசோதிப்பது என் தொழில். வாங்குகிறவர் பணம் கட்டும் முன் நான் போய்ச் சுவரைத் தட்டி, குழாயைத் திறந்து, மூலை முடுக்கெல்லாம் ஈரம் பார்த்து அறிக்கை தருவேன். எங்கள் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் இரண்டு நாள் பயிற்சியில் தேறினால்தான் சான்றிதழ் நீளும். அது இல்லாதவள் அறிக்கையை வங்கிக்காரர்கள் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். இந்த முறை பாடம் டைல்ஸும் ஈரமும். அதனால் செராமிக் ஊரான விருத்தாசலத்துக்கு எங்களை வரச்சொல்லிவிட்டார்கள்.

முதல் நாள் முழுக்க ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் வகுப்பு. நடத்தியவர் ராமநாதன், ஓய்வுபெற்ற பொறியாளர், உள்ளூர்க்காரர். நன்றாகச் சொல்லிக்கொடுத்தார், குறை சொல்ல ஒன்றுமில்லை. முடிக்கும்போது ஒரு விதியை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

"நாளைக்குத் தேர்வு நெசமான வூட்டுல. கேள்வி கேக்கலாம். ஆனா கண்டுபிடிச்சத வூட்டுக்காரங்ககிட்ட சொல்லக் கூடாது. எழுதி என்கிட்ட குடுங்க, திங்கக்கிழமை நான் பேசிக்கிறேன். போன வாட்டி ஒருத்தரு சொல்லப்போயி அடிதடி ஆயிடுச்சு."

இரண்டாம் நாள் காலை நான் போன வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. செராமிக் ஆலையில் வேலை பார்க்கும் கலியமூர்த்தியின் வீடு. அன்று மாலை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். இந்த நாளில் எதற்கு என்று தயங்கினேன். "வாத்தியாருக்கு வாக்கு குடுத்துட்டேன். நீங்க பாருங்க, நாங்க எங்க வேலயப் பாக்குறோம்" என்றார் அவர்.

கீழ்த்தளத்தில் பெரிய குறை இல்லை. மாடியில் பால்கனிக் கதவைத் திறந்ததும் குனிந்து அதன் அடியைத் தடவிப் பார்த்தேன். கதவின் அடிப்பாகத்தை இரண்டு முறை அறுத்திருந்தார்கள். அந்த அளவுக்குத் தரை உயர்ந்திருந்தது.

"எத்தன வாட்டிங்க டைல்ஸ் போட்டீங்க?"

"மூணு வாட்டி" என்றார் கலியமூர்த்தி பெருமையாக. "ஒழுவ ஆரம்பிச்சா மேலயே இன்னொண்ணு ஒட்டிடுவோம். நல்லா இருக்குறத எதுக்கு ஒடைக்கணும்? இந்த ஊர்ல டைல்ஸுக்கா பஞ்சம்?"

கீழே தூண் கிடையாது. சுவரிலிருந்து நீட்டிய வெறும் கான்கிரீட் பலகைதான். அத்தனை கனத்தையும் பலகையின் மேல்பக்கம் பதித்துச் சுவருக்குள் போகும் இரும்புக் கம்பிகள் தாங்க வேண்டும். ஈரம் இறங்கி அரித்திருப்பதும் அந்தக் கம்பிகளைத்தான். தண்ணீர் போகும் குழாய் சுவரோரம் இருந்தது. கழுவிய தண்ணீரோ தெருப்பக்க ஓரத்தில் தேங்கி நின்றது. முனை தொங்கிவிட்டது என்று அர்த்தம்.

அப்போது அவர் மனைவி செல்வி பூக்கூடையோடு வந்தார். "மாப்ள வூட்டுக்காரங்க வர்றப்ப பொம்பளைங்க எல்லாரும் இங்க நின்னு பூ போடுவாங்க. முப்பது பேரு நிக்கலாம்ல?"

கீழே ஓடி, தேர்வை மேற்பார்க்க வந்து வாசலில் நின்ற ராமநாதனிடம் சொன்னேன். அவர் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். முகம் மாறியதை நான் கவனித்தேன்.

"எழுதிக் குடுங்கம்மா. திங்கக்கிழமை நானே சொல்றேன்."

"நிக்கப்போறது இன்னிக்கு சார்."

"விசேஷ வூடும்மா. இன்னிக்குப் போயி எப்படிச் சொல்றது?"

அவர் மேல் வந்த கோபத்தில் பயம் கொஞ்சம் குறைந்தது. படியேறிப் போய்க் கலியமூர்த்தியிடம் நேராகச் சொன்னேன். "இந்த பால்கனியில யாரையும் ஏத்தாதீங்க. விழுந்துடும்."

"வாயக் கழுவுங்க மேடம். நல்ல காரியம் நடக்குற வூடு."

நான் ஒரு மக் தண்ணீரைக் குழாய் வாயருகே ஊற்றினேன். தண்ணீர் குழாயைத் திரும்பியும் பார்க்காமல் தெருப்பக்கம் ஓடியது.

"அது எப்பவும் அப்படித்தான் போவும்" என்றார் அவர்.

"எப்பவும் இல்ல" என்றார் செல்வி மெதுவாக. "வூடு கட்டுன புதுசுல குழாயிலதான் போச்சு. கழுவுனது நான்தான."

கலியமூர்த்தி விறுவிறுவென்று கீழே போய்விட்டார். செல்வி கதவைச் சாத்திப் பூட்டினார். கீழேயும் ஆள் நிற்காதபடி வாழைமரங்களைத் தள்ளிக் கட்டச் சொன்னார். காரணம் கேட்ட சொந்தக்காரர்களிடம், "புதுசா டைல்ஸ் ஒட்டியிருக்குது, காயல" என்றார். "மறுபடியுமா?" என்று அவர்கள் சிரித்தார்கள். அந்த வீட்டில் அதைவிட நம்பும்படியான பொய் கிடையாது.

ராமநாதன் என் தாளில் 'விதி மீறல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஒங்க கண்ணு பாஸும்மா. வாயிதான் பெயிலு." அடுத்த தேர்வு வரை வேலை கிடையாது. உள்ளுக்குள் வெந்தேன், ஆனாலும் பஸ் நிலையத்துக்குப் போக மனம் வரவில்லை. மாலையில் எதிர் வீட்டு நிழலில் நின்றேன்.

மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. போட்டோகிராபர் மேலே பார்த்து, "அங்கேருந்து எடுத்தா சூப்பரா வரும்" என்று படியில் தாவினார். அவர் சாவி கேட்க, யாரோ எடுத்தும் கொடுத்துவிட்டார்கள். கதவு திறப்பது தெருவிலிருந்தே தெரிந்தது. நான் கத்துவதற்குள் வேட்டியை மடித்துக்கட்டியபடி கலியமூர்த்தி மாடிக்கு ஓடினார். ஒரு காலை வெளியே வைத்திருந்தவரைச் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"கால வைக்காதப்பா. காயல."

கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் சம்பந்திகளை வரவேற்கக் கீழே வந்தார். பெண்கள் தெருவில் நின்றே பூப் போட்டார்கள்.

திருச்சியில் என் அறிக்கையைப் படித்ததும் விலையைக் குறைக்கத்தான் பேரம் பேசுவார்கள். எந்தச் சுவரை இடித்தார்கள், எதைச் சாயம் பூசி விற்றார்கள் என்று எனக்குத் தெரிய வந்ததே இல்லை. இங்கே கிளம்பும்போது செல்வி வாசல்வரை வந்து வெற்றிலை பாக்கும் பழமும் கொடுத்தார்.

"கல்யாணத்துக்குக் கட்டாயம் வரணும். பால்கனி வச்ச வூடுன்னு மட்டும் தேடாதீங்க. அதுக்குள்ள இடிச்சிருப்பாரு."