முனியாண்டியின் பதினாறாம் நாள்

இன்று என் பிறந்தநாள். காலையில் முதல் வாழ்த்து கிள்ளானில் இருக்கும் ஒரு டயர் கடையிலிருந்து வந்தது. போன வருஷமும் அதே கடைதான். கேக் படம், பலூன், கீழே 'டயர் மாற்றினால் அலைன்மெண்ட் இலவசம்'. அப்பாவுக்கு என் பிறந்தநாள் என்றைக்குமே தெரியாது. கேட்டால், "செம்பனை வெல ஏறுன வருஷம்" என்பார். ஆக, நான் பிறந்ததைப் பற்றி அக்கறைப்படும் ஒரே ஜீவன் ஒரு டயர் கடை. நாசமாய்ப் போகட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே நன்றி சொல்லிப் பதில் அனுப்பினேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

அந்த வாழ்த்தை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு தொலைபேசி எண் இருந்தால் போதும், மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒன்றைச் செய்தவள். டயர் கடைக்கு இல்லை, சாவு வீடுகளுக்கு.

பிரிக்ஃபீல்ட்ஸில், பூமாலை கட்டும் கடைகளுக்கு மேலே, மாடியில் ஒரு கல்லூரி இருந்தது. வணிகக் கணினியியல் டிப்ளோமா. பெயரைக் கேட்டால் பெரிய கட்டடம் என்று நினைப்பீர்கள். ஏர்கான் சொட்டி ஊறிப்போன கம்பளமும், கீழேயிருந்து ஏறி வரும் மல்லிகை வாசனையும் கலந்து ஒரு வீச்சம் வரும், இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தும்மல்தான். எங்கள் ஊர் ஜெஞ்சாரோமிலிருந்து கிள்ளானுக்குப் பஸ், கிள்ளானிலிருந்து சென்ட்ரலுக்குக் கொம்யூட்டர் ரயில், அப்புறம் நடை. வகுப்புக்குள் நுழையும்போது என் முகப்பவுடர் கழுத்துக்கு இறங்கியிருக்கும்.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் சிவா சார். ஆள் கெட்டிக்காரர், வாய்தான் சாக்கடை. மாணவர்கள் கொடுத்த பயிற்சித் தாளைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலில் பிடித்துத் தூக்கிக் காட்டுவார். "இது சிஸ்டமா? எங்க வீட்டு நாய்க்கே இதவிட லாஜிக் இருக்கு லா." வகுப்பு சிரிக்கும். நாளைக்கு நம் தாள் மேலே போகும் என்று தெரிந்தும் சிரிப்போம். அந்த வயதின் புத்தி அப்படி.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கடைசிப் பருவத்தில் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, உண்மையான ஒரு கடைக்கு உண்மையான ஒரு சிஸ்டம் செய்ய வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க நாமே போடும் விவரங்களும் உண்மை மாதிரி இருக்க வேண்டும். 'ஏபிசி', 'டெஸ்ட் ஒன்' என்று பெயர் போட்டால் சுழிதான். "உண்மையான பேரு, உண்மையான நம்பர். மெசேஜ் போச்சா இல்லையான்னு அப்பதான் தெரியும்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

எனக்கு ஜோடியாக வாய்த்தவள் பிரவீணா. பங்சாரில் பணக்கார வீட்டுப் பெண். இங்கிலீஷ் தண்ணீராய் ஓடும். அவள் பேச வேண்டியது, நான் செய்ய வேண்டியது என்று பேசாமலே பிரிந்துவிட்டது. கடையைப் பிடித்ததும் நான்தான். கிள்ளானில் பாடை, பானை, வாய்க்கரிசி, வேன் என்று சாவுக்கு வேண்டிய சகலமும் ஏற்பாடு செய்துகொடுக்கும் கோவிந்தன் அங்கிளின் கடை. கருமக்கிரியைக்கு, அதாவது பதினாறாம் நாள் காரியத்துக்கு, வீட்டாரை முன்கூட்டியே கூப்பிட்டு நினைவுபடுத்த மறந்துவிடுகிறோம் என்பது அவருடைய குறை. செத்தவர் பெயர், செத்த தேதி, வீட்டு எண்ணைப் போட்டால் சிஸ்டமே எஸ்எம்எஸ் அனுப்பும் என்று சொன்னேன். அவர் ஊதுபத்திப் புகைக்கு நடுவே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல வேலதாமா. ஆனா பொம்பளப் புள்ள நீ, வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

சொல்லத்தான் சொன்னாள் அம்மா. படிப்பே அவளுக்குப் பிடிக்கவில்லை. பக்கத்துத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், எதற்கு இந்த அலைச்சல் என்பாள். சாவுக் கடை வேலை என்றதும் காதைப் பொத்திக்கொண்டாள். "வெளக்கு வைக்கிற நேரத்துல இந்தப் பேச்செல்லாம் என்னாத்துக்கு?" அப்பாதான், "விடு, புள்ள படிக்குது" என்று வாயை அடைத்தார். அப்பா கேரித் தீவிலிருந்து செம்பனை எண்ணெய் ஏற்றும் லோரி ஓட்டினார். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் என் படிப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

பிரசெண்டேஷன் அன்று நடந்ததைச் சொல்கிறேன். பிரவீணா திரைக்கு முன்னால் நின்று பேசினாள். நான் பின்னால் உட்கார்ந்து சொன்ன இடத்தில் சொன்ன பொத்தானை அமுக்கினேன். மேசையில் சிம் கார்டு செருகிய ஒரு சின்னப் பெட்டி. 'அனுப்பு' என்பதை அமுக்கியதும் திரையில் ஒவ்வொரு பெயராக வந்து, பக்கத்தில் பச்சை எழுத்தில் 'டெலிவர்ட்' என்று விழுந்தது. சோதனைக்கு எண் கொடுத்திருந்த பசங்களின் கைத்தொலைபேசிகள் வகுப்பெங்கும் துடித்தன. சிவா சார் எழுந்து நின்று கை தட்டினார். அவர் கை தட்டி அதற்குமுன் நாங்கள் பார்த்ததில்லை. பார்க்க வந்திருந்த கோவிந்தன் அங்கிளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் பட்டியலின் கடைசி வரியைப் பார்த்தேன். முனியாண்டி. என் அப்பா பெயர். பக்கத்தில் அம்மாவின் எண். டெலிவர்ட்.

எனக்கு அப்போது கைத்தொலைபேசி கிடையாது. பிரவீணா என்னைக் கூப்பிடுவது அம்மாவின் எண்ணில்தான். பட்டியலில் கடைசியாக ஒரு ஆள் குறைந்ததாம், முந்தின நாள் கைக்கு வந்ததைப் போட்டுவிட்டாளாம். "ஏய், சும்மா லா. டெஸ்ட் டேட்டாதானே? எங்க டாடி பேரும்தான் போட்டிருக்கேன்." அவள் டாடி வக்கீல். வந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து ஆபீஸில் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. செய்தியை மலாயில் எழுதியிருந்தோம்: 'மெண்டியாங் முனியாண்டி குடும்பத்தாருக்கு' என்று ஆரம்பிக்கும். அம்மாவுக்கு மலாய் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் மெண்டியாங் தெரியும். சாவு வீட்டு வாசலில் கட்டும் பேனரில் பெயருக்கு முன்னால் அதுதான் இருக்கும், காலமானவர் என்று அர்த்தம். அதற்குமேல் அவள் படிக்கவில்லை. காலையில் குவாந்தானுக்கு லோரி எடுத்துக்கொண்டு போனவருக்குப் பதினாறாம் நாள் எப்படி வரும் என்று யோசிக்கிற நிலைமையிலும் இல்லை. அப்பாவுக்கு அடித்துப் பார்த்திருக்கிறாள், லைன் கிடைக்கவில்லை. அவர் போகிற பாதையில் பாதி நேரம் கிடைக்காது. தெருவில் இறங்கிக் கத்தியவள், ஓடிவந்த பக்கத்து வீட்டு ஆன்டி கையைப் பிடிப்பதற்குள், நெற்றிப் பொட்டைத் தன் கையாலேயே அழித்துவிட்டாள்.

நான் பொதுத் தொலைபேசியில் எண்ணை அடித்து அடித்துப் பார்த்தேன். பிஸி. ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். விளக்கிச் சொன்னால் அம்மா திட்டுவாள், நாலு நாளில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பினால், எங்கள் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆம்பிளைகள் குனிந்த தலையோடு நிற்கிறார்கள். பொய்யென்று தெரிந்த எனக்கே ஐயோ என்று உயிர் போய்விட்டது. உண்மையாகவே ஏதோ ஆகிவிட்டது போல என்று செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன்.

உள்ளே அப்பா உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். லோரியை ஓரங்கட்டிவிட்டுக் கூடாரத்தைப் பார்த்து, "யாருக்குப்பா?" என்று கேட்டிருக்கிறார். கூடாரம் கட்டிக்கொண்டிருந்தவன் ஏணியிலிருந்தே, "முனியாண்டின்னு ஒரு லோரிக்காரர்ண்ணே" என்றிருக்கிறான். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வெளியே நின்றவர்கள் தலை குனிந்திருந்தது அசடு வழிந்ததால்தான். செய்தியின் கீழே இருந்த கோவிந்தன் அங்கிளின் கடைப் பெயரைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டதாம். என்னைப் பார்த்ததும், "என்னம்மா, சாகடிச்சிட்ட. மார்க்காச்சும் நல்லாப் போட்டாங்களா?" என்றார். ஏ கிடைத்தது என்று சொன்னேன். அப்படிச் சொன்ன வாயை இன்றைக்கும் அறையலாம்.

அம்மா அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் குங்குமம் இழுபட்ட கறை அப்படியே இருந்தது. நான் பக்கத்தில் குந்தி, "டெஸ்ட் டேட்டாம்மா... சும்மா போட்டுப் பாக்கறது... நான் போடலம்மா, அந்தப் பொண்ணு" என்று என்னென்னவோ உளறினேன். அவள் திரும்பவில்லை. அடுப்படி வாசலுக்கு வந்து நின்ற அப்பாவிடம் சொன்னாள்:

"அவகிட்ட கேளுங்க. பொய்யா எழுதறதுக்கு எதுக்கு நெசமான பேரு?"

அப்பா சிரிப்பை விழுங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அவகிட்ட சொல்லுங்க. நாளைக்கு அந்த காலேஜி படி மிதிச்சான்னா, எனக்கும் அவளுக்கும் பேச்சு வார்த்த கெடையாது."

அப்பா, பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே, கோபம் ஆறிவிடும், போ என்றார். நானும் ஆறிவிடும் என்றுதான் போனேன். அம்மாவைப் பற்றி நாங்கள் இரண்டு பேருமே தப்புக்கணக்குப் போட்டோம்.

அதற்குப்பின் அவள் என்னிடம் நேரடியாக ஒரு சொல் பேசவில்லை. பட்டினி போட்டாளா என்றால் இல்லை. எனக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல் தவறாமல் இருக்கும். ஆனால், "அவகிட்ட சொல்லுங்க, சோறு இருக்குன்னு." ஒரே வீட்டில், ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு. அப்பா ஊரில் இல்லாத நாளில் சுவரைப் பார்த்துச் சொல்வாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி முழுக்க நெற்றியில் ஈரத்துணி போட்டாள், வாயைத் திறக்கவில்லை. காலில் விழுந்து பார்த்தேன், காலை இழுத்துக்கொண்டாள். கோபத்தில் நானும் சில வருஷம் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். யாருடைய வைராக்கியம் பெரிது என்று போட்டி நடந்த வீடு அது. அவள்தான் ஜெயித்துக்கொண்டே இருந்தாள்.

டிப்ளோமா எனக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் இன்றும் அதே வேலைதான். என் பிரிவில் ஒரு சட்டம் உண்டு: சோதனைக்கு ஆள் பெயர் போடக்கூடாது. 'கத்திரிக்காய் த/பெ வெண்டைக்காய்' என்றுதான் போட வேண்டும். புதுசாக வரும் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

அந்த எஸ்எம்எஸ் வந்த நாளிலிருந்து, அப்பாவுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று அம்மா செவ்வாய் விரதம் பிடித்தாள், வெயிலில் வெறுங்காலோடு பால்குடம் எடுத்தாள், தன் வயிற்று வலியை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கிள்ளான் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் எங்களைத் திட்டினார். கடைசி நாள் சாயங்காலம் நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன். அம்மா கண்ணைத் திறந்து என்னை நன்றாகப் பார்த்தாள். இப்போது சொல்வாள், இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவாள் என்று குனிந்தேன். அவள் முகத்தை அப்பா பக்கம் திருப்பினாள்.

"அவகிட்ட சொல்லுங்க. இருட்டுது, பஸ்ஸு போயிரும்."

நான் கார் வாங்கி எவ்வளவோ நாளாகியிருந்தது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, வெளியே போய் நடைபாதையில் நின்று அழுதேன். 'சுமங்கலியாப் போயிட்டா, புண்ணியவதி' என்று சாவு வீட்டில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் மாடியில் இப்போது ஒரு மலிவு ஓட்டல். சிவா சார் எங்கேயோ வெளிநாட்டுக்குப் போய்விட்டாராம். கோவிந்தன் அங்கிளின் கடை கைமாறி, கைத்தொலைபேசி உறை விற்கிறார்கள். ஜெஞ்சாரோம் வீட்டில் நானும் அப்பாவும்தான் மிச்சம். அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால், பழக்க தோஷம், சில நாள் அடுப்படிப் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்புவார். "ஒங்கம்மா சொல்றா..." என்று ஆரம்பிப்பார். நான் கையில் சோற்றை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் வராது.