அக்கா உயரத்து மெழுகுவர்த்தி

எங்கள் மாமாவுக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு கிரிக்கெட். அதையும் டீவியில்தான் பார்த்திருக்கிறார். ஆனால் அக்கா எண்ணூறு மீட்டர் ஓட ஆரம்பித்த பிறகு, சாந்தோமில் அவர் கண்ணில் பட்டவர் யாரும் அவளுடைய பெருமையை ஒரு பாட்டம் கேட்காமல் வீடு போய்ச் சேர முடியாது. இத்தனைக்கும் அதுவரை அவர் ஒரு நாள்கூட மைதானத்துக்கு வந்ததில்லை.

அக்கா அப்போது பன்னிரண்டாவது, நான் மூன்றாவது. விடியற்காலையில் அவளும் குப்பத்திலிருந்து வரும் அவள் சிநேகிதியும் கடற்கரை மணலில் ஓடுவார்கள். சிநேகிதி அக்காவின் தோளுக்குத்தான் இருப்பாள், அதனால் எனக்கு அவள் குட்டையக்கா. அந்த வருஷப் போட்டியில் முதலாவதாக வந்து, குறித்த நேரத்துக்குள்ளும் முடித்துவிட்டால் ஒரு கல்லூரியில் சீட்டு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். அது அக்காவுக்குத்தான் என்று எங்கள் வீட்டில் முடிவே கட்டிவிட்டோம்.

மாமா மாதாவுக்கு நேர்ந்துகொண்டார்: அக்கா ஜெயித்தால் அவள் உயரத்துக்கு மெழுகுவர்த்தி. எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். ஆனால் ஊரில் எல்லாரும் காரியம் நடந்த பிறகு வாங்குவார்கள். மாமா நூல் பிடித்து அவளை உச்சி முதல் பாதம் வரை அளந்து, முன்கூட்டியே வாங்கிவந்து கதவுக்குப் பின்னால் சாத்திவைத்துவிட்டார்.

"நாம மொதல்ல நம்பணும், அப்பதான் மாதா நம்புவாங்க" என்றார். அம்மா அதைத் திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அந்த வாரம்தான் அம்மா அக்காவை அடையாறில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தாள். கால் எலும்பில் திரும்பத் திரும்ப விரிசல் விடுகிறது, இனி ஓடவே கூடாது என்று அவர் சொன்னது அப்போது எங்கள் வீட்டில் அவர்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். போட்டி முடிகிறவரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருக்கிறாள். திரும்பி வரும்போது எனக்குப் பாப்கார்ன் வாங்கி வந்தார்கள். நானும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

போட்டியன்று மாமா ஒரு பெரிய டப்பா லட்டோடு கேலரியில் உட்கார்ந்தார். துப்பாக்கி வெடித்ததும் அக்கா முன்னால் பாய்ந்தாள். அம்மாடி, என்ன வேகம்! குட்டையக்கா மட்டும் அவள் முதுகை விடாமல் ஒட்டிக்கொண்டே போனாள். ஒரு சுற்று முடிந்து கோட்டைத் தொட்டபோது ஒருவர் மணி அடித்தார். அக்கா அப்படியே புல்தரைக்குள் ஒதுங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ஜெயிச்சுட்டாடி!" என்று மாமா எழுந்து குதித்தார். மணி அடித்தால் முடிந்தது என்றுதானே பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நானும் குதித்தேன். குடும்பத்து வாட்ஸப் குழுவுக்கு "தங்கம்" என்று செய்தி பறந்தது. மற்றவர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "முடிஞ்சதுகூடத் தெரியாம ஓடுதுங்க, பாவம்" என்று பரிதாபப்பட்டபடியே மாமா முன்வரிசைக்கு லட்டு கொடுத்தார். அம்மா மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

லட்டை முழுசாக விழுங்கிவிட்டு முன்வரிசைக்காரர் சொன்னார்: "சார், அது கடைசி ரவுண்டுக்கு அடிக்கிற மணி. இன்னும் ஒரு ரவுண்டு கீது சார்."

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அக்கா நொண்டிக்கொண்டே புல்தரையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், "கைய வீசுடி! விட்றாத!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். குட்டையக்கா முதலாவதாக வந்தாள். குறித்த நேரத்துக்குள் முடித்துவிட்டாள் என்று அறிவித்ததும் அக்காவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"இந்தக் கால வச்சிக்கினு எனக்கு வேகம் புடிச்சிக் குடுக்க எதுக்குடி இப்டி முன்னால ஓடுன? லூசாடி நீ?"

எனக்கானால் ஆத்திரம் பொங்கியது. "இன்னொரு ரவுண்டு ஓடியிருந்தா நீதானே ஃபர்ஸ்ட்டு!" என்று அக்காவைப் பிடித்து உலுக்கினேன். அவள் சிரித்துக்கொண்டே என் தலைமுடியைக் கலைத்துவிட்டாள்.

சாயங்காலம் மாமாவின் போனுக்கு வாழ்த்துகள் வந்தபடியே இருந்தன. வேளச்சேரிச் சித்தி ட்ரீட் எப்போது என்று கேட்டிருந்தாள். மெழுகுவர்த்தியைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று மாமா யோசித்துக்கொண்டிருந்தபோது, அக்கா அதை இழுத்துவந்து, எங்களோடு வீட்டுக்கு வந்திருந்த குட்டையக்காவின் பக்கத்தில் நிறுத்தினாள். தலைக்கு மேலே இருந்ததைக் கத்தியால் அறுத்தாள்.

"இப்ப சரியா இருக்கு. வாங்க மாமா, கோயிலுக்குப் போலாம்."

அறுத்த துண்டு எனக்குக் கிடைத்தது.

மறுநாள் நான் கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. அக்கா என் பக்கத்திலேயே படுத்திருந்தாள்! எனக்கு நினைவு தெரிந்து அப்படி நடந்ததே இல்லை. குஷி தாங்காமல் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி, அதை மாதா படத்துக்கு முன்னால் ஏற்றச் சொன்னேன்.

"எதுக்குடி?" என்றாள் அம்மா.

"அக்கா இனிமே ஓடவே போகக்கூடாது. தெனமும் எங்கூடவே தூங்கணும். அதுக்கு."

அம்மா தீக்குச்சியைக் கிழித்தாள். அணைந்துவிட்டது. இன்னொன்றைக் கிழித்தாள், அதுவும் அணைந்தது. அம்மாவுக்குக்கூடத் தீக்குச்சி கிழிக்கத் தெரியவில்லையே என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.